மாலத்தீவில் தீவு விட்டுத் தீவு போவது எப்படி? கடல் விமானம், ஸ்பீட் போட், ஃபெர்ரி... எதற்கு எவ்வளவு ஆகும்? முழு விளக்கம்

கொச்சியிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மாலத்தீவு வந்துவிடும். ஆனால் பயணம் அங்கே முடிவதில்லை. விமானம் இறங்கும் தீவு வேறு, நீங்கள் தங்கப்போகும் தீவு வேறு. இரண்டுக்கும் நடுவில் கடல் இருக்கிறது. அந்தக் கடலைத் தாண்ட ஆகும் செலவு, சில சமயம் இந்தியாவிலிருந்து வந்த விமான டிக்கெட்டையே தாண்டிவிடும்.

தேனிலவு பேக்கேஜ் புக் செய்யும் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விளம்பரத்தில் அறை வாடகை பெரிய எழுத்தில் இருக்கும். 'டிரான்ஸ்ஃபர் தனி' என்ற வரி கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்? மாலத்தீவில் மக்கள் எப்படிப் போய் வருகிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு சிக்கல்? முதலில் மேப்பைப் பாருங்கள்

மாலத்தீவு என்பது ஒரு தீவு அல்ல. சுமார் 1,190 பவளத் தீவுகள். வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சிதறிக் கிடக்கின்றன. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான தூரத்தை விடவும் இது அதிகம். ஆனால் மொத்த நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர் அளவுதான். மீதி எல்லாம் தண்ணீர்.

இந்தத் தீவுகள் வட்டம் வட்டமாகக் கூட்டம் சேர்ந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'அடோல்'. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் இந்தச் சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். இப்படி 26 இயற்கை அடோல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அடோலையும் சுற்றிப் பவளப்பாறை வேலி போல நிற்கும். உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், வெளியே திறந்த கடல்.

மக்கள் வசிப்பது 180-க்கும் சற்று அதிகமான தீவுகளில் மட்டுமே. 2022 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை சுமார் 5.15 லட்சம். இவை போக, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ரிசார்ட் தீவுகள் தனி. ஊர் இருக்கும் தீவுகளை 'லோக்கல் ஐலண்ட்' என்று சொல்வார்கள்.

தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தீவு இருக்கிறது. வேலானா சர்வதேச விமான நிலையம் அங்கேதான். வெளிநாட்டிலிருந்து வரும் பெரும்பாலானோர் இறங்குவது இங்கே. இங்கிருந்துதான் வழிகள் பிரிகின்றன.

வழி 1: கடல் விமானம்

மாலத்தீவு என்றதும் கண் முன் வரும் படம் இதுதான். நீலத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும் குட்டி விமானம்.

பெரும்பாலும் 'ட்வின் ஆட்டர்' என்ற கனடா தயாரிப்பு விமானம். சுமார் 15 பேர் உட்காரலாம். சக்கரத்துக்குப் பதில் கீழே இரண்டு மிதவைகள் இருக்கும். ஓடுபாதை வேண்டாம், அடோலுக்கு உள்ளே இருக்கும் அமைதியான தண்ணீரே ஓடுபாதை. ரிசார்ட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதக்கும் மேடையில் இறங்கினால், அங்கிருந்து படகில் கூட்டிப் போவார்கள்.

மாலத்தீவில் கடல் விமான சேவை 1993-ல் தொடங்கியது. இன்று டிரான்ஸ் மால்டிவியன் ஏர்வேஸ் 60-க்கும் மேற்பட்ட விமானங்களுடன் உலகின் மிகப்பெரிய கடல் விமான நிறுவனமாக இருக்கிறது. மாண்டா ஏர், அரசு நிறுவனமான மால்டிவியன் ஆகியவையும் இந்தச் சேவையை நடத்துகின்றன.

தெரிஞ்சுக்க வேண்டியவை:

- பகலில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் தண்ணீரைப் பார்த்து இறக்க வேண்டும். அதனால் காலை சுமார் 6 மணி முதல் மாலை 4 மணிக்கு முன்பு வரைதான் மாலேயிலிருந்து கிளம்பும்.
- டிக்கெட்டில் நேரம் உறுதியாக இருக்காது. மறுநாள் எத்தனை பேர், எந்தெந்த ரிசார்ட் என்று பார்த்து முந்தைய நாள் மாலையில்தான் அட்டவணை போடுவார்கள். நடுவில் இரண்டு மூன்று ரிசார்ட்டில் இறங்கி ஏறியும் போகலாம். பஸ் மாதிரிதான்.
- லக்கேஜ் கணக்கு கறார். பொதுவாக 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. அதிகம் இருந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம். எடை கூடினால் பெட்டி அடுத்த விமானத்தில் வரவும் வாய்ப்பு உண்டு. மாத்திரை, சார்ஜர், ஒரு செட் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.
- சீட் நம்பர் கிடையாது. முதலில் ஏறுபவருக்கு ஜன்னல். கழிப்பறை இல்லை, ஏசி இல்லை, சத்தம் அதிகம். விமான ஊழியர்கள் பலர் செருப்பில்லாமல் வெறுங்காலில் வேலை செய்வதைப் பார்க்கலாம். தண்ணீரில் கால் வைத்துக் கயிறு கட்ட வேண்டிய வேலை, அதனால்தான்.

கட்டணம்? ரிசார்ட்டைப் பொறுத்து ஒருவருக்குப் போக, வர 400 முதல் 600 டாலர் வரை சாதாரணம். தம்பதி என்றால் 1,000 டாலர் அளவுக்கு வந்துவிடும். நம்ம காசில் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பெரும்பாலும் ரிசார்ட் மூலமாகத்தான் புக் செய்ய முடியும், அதனால் வேறு எங்காவது மலிவாகத் தேடலாம் என்பதும் நடக்காது.

கடைசி விமானத்தை விட்டால் என்ன ஆகும்?

இதுதான் பலருக்கு நடக்கும் சிக்கல். இந்தியாவிலிருந்து வரும் விமானம் மாலேயில் மாலை 5 மணிக்கு இறங்கினால், அன்றைய கடல் விமானம் போயிருக்கும். ராத்திரி மாலேயிலோ பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயிலோ ரூம் எடுத்துத் தங்க வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது. ரிசார்ட்டில் அன்றைய இரவுக்குக் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது.

திரும்பும்போதும் இதே கதை. காலை 8 மணிக்கு மாலேயிலிருந்து சர்வதேச விமானம் என்றால், முந்தைய நாள் மாலையே ரிசார்ட்டிலிருந்து கிளம்பி வர வேண்டியிருக்கும்.

அதனால் கடல் விமானம் உள்ள ரிசார்ட் என்றால், மாலேயில் மதியம் 2 மணிக்குள் இறங்குவது போலவும், திரும்பும் விமானம் மதியத்துக்கு மேல் இருப்பது போலவும் டிக்கெட் போடுங்கள். விமான டிக்கெட்டில் 3 ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாள் ரிசார்ட் வாடகையை இழக்க வேண்டாம்.

வழி 2: உள்நாட்டு விமானம்

தூரத்து அடோல்களுக்கு ஏடிஆர், டேஷ் 8 போன்ற சக்கரம் வைத்த சாதாரண விமானங்கள் போகின்றன. ஓடுபாதை இருப்பதால் இவை ராத்திரியிலும் பறக்கும். நேர அட்டவணையும் உண்டு. மாலை நேரத்தில் மாலேயில் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

வடக்கே ஹனிமாதூ, நடுவில் தரவந்தூ, மாமிகிலி, தெற்கே ஃபுவாமுலா, கான் என்று நாடு முழுக்க உள்நாட்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. தீவுகள் சின்னவை என்பதால் சில இடங்களில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுபாதைதான் இருக்கும்.

தெற்குக் கோடியில் உள்ள அட்டு அடோலின் கான் விமான நிலையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அமைத்த தளம் அது. பிறகு பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தி, 1976-ல் காலி செய்தது. பூமத்திய ரேகையைத் தாண்டிய இடம். மாலேயிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடல் வழியில் என்றால் அது ஒரு நீண்ட பயணம்.

இதில் ஒரு விஷயம்: உள்நாட்டு விமானம் இறங்கும் தீவும் உங்கள் தீவாக இருக்காது. அங்கிருந்து இன்னொரு ஸ்பீட் போட் பிடிக்க வேண்டும். அந்தப் படகு பேக்கேஜில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். கட்டணத்திலும் மாலத்தீவுக் குடிமக்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறு விலை.

வழி 3: ஸ்பீட் போட்

மாலேக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்கு மாலே, தெற்கு மாலே அடோல்களுக்கு இதுதான் முக்கிய வழி. 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். விமான நிலையத்தின் வாசலைத் தாண்டினாலே படகுத்துறை. நம்மூரில் விமான நிலையத்துக்கு வெளியே டாக்ஸி நிற்கும், அங்கே படகு நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் இரண்டு வகை. ஒன்று, ரிசார்ட்டே அனுப்பும் படகு. இது விலை அதிகம், தூரத்தைப் பொறுத்து போக வர 100 டாலரைத் தாண்டும். இன்னொன்று, லோக்கல் தீவுகளுக்குப் போகும் ஷேரிங் ஸ்பீட் போட். உதாரணத்துக்கு, கெஸ்ட் ஹவுஸ்களுக்குப் பேர் போன மாஃபுஷி தீவுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 25 டாலர் அளவு.

படகில் ஏறும்போது கவனிக்க:

- முன்பக்க சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்கள், குழந்தையோடு வருபவர்கள் பின்பக்கம் உட்காருவது நல்லது.
- கர்ப்பிணிகள் ஸ்பீட் போட் பயணத்துக்கு முன் டாக்டரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.
- வாந்தி வரும் என்றால் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.
- லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வழி 4: ஃபெர்ரி - இதுதான் உள்ளூர் மக்களின் பஸ்

மாலே துறையிலிருந்து மாஃபுஷிக்கு அரசு நிறுவனத்தின் ஃபெர்ரியில் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கட்டணம் இரண்டு மூன்று டாலர்தான். அதே கடல், அதே தீவு, ஸ்பீட் போட்டில் போனால் 25 டாலர்.

பள்ளி ஆசிரியர், நர்ஸ், மளிகை மூட்டையோடு வருபவர், டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெரியவர் என எல்லோரும் இதில்தான் போவார்கள். சொகுசு கிடையாது. ஆனால் அந்த நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க இதை விட நல்ல இடமும் கிடையாது.

சிக்கல் என்ன?

- வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது. மாலத்தீவு முஸ்லிம் நாடு. வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. வெள்ளியன்று ஊர் திரும்பத் திட்டமிட்டால் வேறு வழி பார்த்து வைக்க வேண்டும்.
- பல வழித்தடங்களில் ஒரு நாளைக்கு ஒரு சேவைதான். விட்டால் மறுநாள்தான்.
- பெரும்பாலும் ஒரு அடோலுக்கு உள்ளேதான் ஓடும். ஒரு அடோலிலிருந்து வேறு அடோலுக்குப் போக மாலே வந்து மாற வேண்டியிருக்கலாம்.
- கடல் மோசமானால் ரத்து. முன்னறிவிப்பு சில மணி நேரம் முன்புதான் வரும்.

2022-ல் அரசு 'ராஜே டிரான்ஸ்போர்ட் லிங்க்' என்ற பெயரில் அதிவேக ஃபெர்ரி சேவையை வடக்கு அடோல்களில் தொடங்கி, பிறகு மற்ற பகுதிகளுக்கும் விரிவாக்கியது. இதற்கு ஆப் இருக்கிறது. கிளம்பும் முன் நேரத்தை அதில் சரிபார்த்துக்கோங்க.

ஒரே இடம், மூன்று வழி: ஓர் ஒப்பீடு

பா அடோலை எடுத்துக்கொள்வோம். யுனெஸ்கோ 2011-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி. திருக்கை மீன்கள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு வளைகுடா இங்கேதான் இருக்கிறது.

- கடல் விமானம்: ஏறத்தாழ அரை மணி நேரம். விலை அதிகம். பகலில் மட்டும்.
- உள்நாட்டு விமானம்: தரவந்தூ வரை 20 நிமிடம், பிறகு படகு. ராத்திரியிலும் வாய்ப்பு உண்டு.
- ஷேரிங் ஸ்பீட் போட்: இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். மூன்றில் விலை குறைவு. கடல் கொந்தளித்தால் உடம்பு நொந்துவிடும்.

எது சரி என்பதை உங்கள் பட்ஜெட்டும், விமானம் இறங்கும் நேரமும்தான் முடிவு செய்யும்.

மாலே பகுதியில் மட்டும் ரோடு உண்டு

விமான நிலையத்திலிருந்து மாலேக்குப் போக முன்பு படகு மட்டும்தான். 2018 ஆகஸ்டில் சீனா உதவியுடன் கட்டிய சினமாலே பாலம் திறக்கப்பட்டது. இப்போது பஸ், டாக்ஸியில் சில நிமிடங்களில் போகலாம். 10 நிமிடப் படகும் தொடர்ந்து ஓடுகிறது.

அடுத்தது இந்தியாவின் முறை. மாலேயை வில்லிமாலே, குல்ஹிஃபால்ஹு, திலஃபுஷி தீவுகளுடன் இணைக்கும் 6.74 கிலோமீட்டர் பாலத் திட்டத்துக்கு இந்தியா 40 கோடி டாலர் கடனும் 10 கோடி டாலர் மானியமும் அறிவித்தது. இந்தியப் பெருங்கடலில் செல்வாக்குக்கான போட்டி, மாலேயில் பாலமாகவே நிற்கிறது என்று சொல்லலாம்.

எந்த மாதம் போகலாம்?

- டிசம்பர் - ஏப்ரல்: வடகிழக்குப் பருவக்காற்று காலம். கடல் அமைதி, மழை குறைவு. ஆனால் விலை உச்சத்தில் இருக்கும்.
- மே - அக்டோபர்: தென்மேற்குப் பருவக்காற்று காலம். அறை மலிவு. ஆனால் அலை உயரம் அதிகம். படகு தாமதமாகலாம், கடல் விமானமும் மழையில் காத்திருக்கும். திருக்கை மீன் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் சீசன்.

இந்தக் காற்றின் கணக்கு தூத்துக்குடிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருட்கள் தோணியில் மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் தோணிகள் ஓய்வெடுக்கும். மாலத்தீவின் பாரம்பரியப் படகுக்கும் 'தோனி' என்றுதான் பெயர். அங்கே விளைநிலம் மிகக் குறைவு, அரிசி முதல் வெங்காயம் வரை பெரும்பாலும் இறக்குமதிதான். படகு நின்றால் சமையலறையில் தெரியும்.

சுற்றுலாவுக்கு வசதி, ஊர் மக்களுக்கு உயிர்ப் பிரச்னை

நமக்குப் படகு தாமதமானால் ஒரு நாள் வாடகை போகும். அங்கே வாழ்பவர்களுக்கு இழப்பு அதை விடப் பெரியது.

பெரும்பாலான தீவுகளில் சிறிய சுகாதார மையம்தான் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் மாலேயில் உள்ள இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்கு வர வேண்டும். இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்ட மருத்துவமனை அது. ராத்திரியில் மாரடைப்போ, பிரசவச் சிக்கலோ வந்தால் கடல் விமானம் பறக்காது. ஓடுபாதை இல்லாத தீவு என்றால் முதலில் படகு, பிறகு விமானம். நடுவில் கடல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இந்தியா 2010-லும் 2013-லும் ஹெலிகாப்டர்களும், 2020-ல் டோர்னியர் விமானமும் மாலத்தீவுக்குக் கொடுத்தது. தூரத்துத் தீவுகளிலிருந்து நோயாளிகளை மாலேக்குக் கொண்டுவருவதுதான் இவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று. இவற்றை இயக்கிய இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்று அதிபர் முய்சு அரசு கேட்டது. 2024 மே மாதத்துக்குள் அவர்கள் திரும்பி, அந்த இடத்துக்கு இந்தியாவின் சிவில் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள்.

அந்தச் சர்ச்சை நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜனவரியில் தெற்கு அடோல் ஒன்றைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் மாலேக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு உயிரிழந்தான். ஏர் ஆம்புலன்ஸ் கேட்டும் பல மணி நேரம் வரவில்லை என்று குடும்பத்தினர் சொன்னார்கள். தாமதத்துக்குத் தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யும் தரப்பு விளக்கம் அளித்தது. யார் விமானம், யார் அனுமதி என்ற அரசியல் பேச்சுக்கு நடுவில், ஒரு தீவில் நோயாளியோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்ற கேள்வியை அந்த மரணம் எழுப்பியது.

உலகின் மிகப்பெரிய கடல் விமான நிறுவனம் இருக்கும் நாட்டில், ராத்திரி ஒரு நோயாளியைத் தூக்கிப் போவது இன்னும் சுலபமில்லை. ரிசார்ட்டுக்குப் போக்குவரத்து இருக்கிறது, ஊருக்குப் போதவில்லை என்று அந்நாட்டு மக்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசா வேண்டுமா?
சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு விமான நிலையத்திலேயே இலவசமாக அனுமதி தருவார்கள். பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிட புக்கிங் கையில் இருக்க வேண்டும்.

'இமுகா' படிவம் என்றால் என்ன?
பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய பயணி விவரப் படிவம். இது முழுக்க இலவசம். காசு கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசு தளம் அல்ல, ஏமாந்துடாதீங்க.

எந்த நாணயம்?
ரூஃபியா. ரிசார்ட், ஸ்பீட் போட் எல்லாம் டாலரில் விலை சொல்லும். ஃபெர்ரி, டீக்கடைக்கு ரூஃபியா சில்லறை வைத்திருப்பது நல்லது.

நேரம் நம்ம நேரமேதானா?
இல்லை. மாலே நேரம் இந்தியாவை விட அரை மணி நேரம் பின்னால். ஆனால் சில ரிசார்ட்டுகள் வெளிச்சம் அதிகம் கிடைக்க வேண்டும் என்று தங்கள் தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். படகு நேரம் சொல்லும்போது 'மாலே நேரமா, தீவு நேரமா?' என்று கேட்டுக்கோங்க. இந்தக் குழப்பத்தில் படகை விட வாய்ப்பு அதிகம்.

பெட்டியில் என்ன கூடாது?
மது, பன்றி இறைச்சி கொண்டு போகக் கூடாது. ரிசார்ட்டில் மது கிடைக்கும், லோக்கல் தீவுகளில் தடை. லோக்கல் தீவில் நீச்சல் உடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான். ஃபெர்ரியில் ஏறும்போதும் தோள், முழங்கால் மறைக்கும் உடை மரியாதை.

புக் செய்யும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பேக்கேஜ் விலையில் டிரான்ஸ்ஃபர் சேர்ந்திருக்கிறதா? போக மட்டுமா, போக வரவா?
2. என்ன வாகனம்? கடல் விமானமா, உள்நாட்டு விமானமும் படகுமா, ஸ்பீட் போட்டா?
3. என் விமானம் இறங்கும் நேரத்துக்கு அன்றே தீவுக்குப் போக முடியுமா?
4. குழந்தைக்கு என்ன கட்டணம்? எத்தனை கிலோ லக்கேஜ்?
5. வானிலையால் ரத்தானால் யார் செலவு?

இந்த ஐந்துக்கும் ஏஜென்ட்டிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் என்றாலும் போதும். பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.